தோட்டம் மனையாகும் முன் ஊரைக் கேட்க வேண்டாமா?

நாளிதழின் உள் பக்கத்தில் எப்போதாவது பொடி எழுத்தில் ஓர் அறிவிப்பு வரும். இன்ன வட்டம், இன்ன கிராமம், இன்ன சர்வே நம்பரில் உள்ள இத்தனை ஏக்கர் நிலம் விவசாய உபயோகத்திலிருந்து குடியிருப்பு உபயோகத்துக்கு, அல்லது தொழிற்சாலை உபயோகத்துக்கு மாற்றப்பட இருக்கிறது. ஆட்சேபணை உள்ளவர்கள் குறிப்பிட்ட நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்று அதில் இருக்கும்.

அன்று காலை பக்கத்துத் தோட்டத்துக்காரர் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வந்து, மோட்டாரைப் போட்டு, வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருப்பார். அந்த அறிவிப்பு அவர் கண்ணில் படாது. சில மாதங்கள் கழித்து வேலி ஓரத்தில் பொக்லைன் வந்து நின்று, தென்னை மரங்கள் சாயும்போதுதான் அவருக்குச் செய்தி தெரியும். அப்போது ஆட்சேபணைக்கான கெடு முடிந்து போயிருக்கும்.

கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் பல ஊர்களின் முகம் இப்படித்தான் மாறியிருக்கிறது. நிலத்தின் சொந்தக்காரரைக் கேட்கிறார்கள். நகர் ஊரமைப்பு அலுவலகத்தைக் கேட்கிறார்கள். அந்த நிலத்தைச் சுற்றிக் குடியிருந்து, அதே நிலத்தடி நீரை இறைத்து, அதே இட்டேரியில் மாடு ஓட்டிப் போகும் ஊரை மட்டும் கேட்பதில்லை. ஊருக்கு ஆட்சேபணை சொல்ல அனுமதி உண்டு. சம்மதம் தரவோ மறுக்கவோ அதிகாரம் கிடையாது.

ஆட்சேபணை என்பது மனு. அதைப் படித்துப் பார்த்து ஒதுக்கி வைக்கலாம். ஓட்டு என்பது தீர்ப்பு. அதை ஒதுக்கி வைக்க முடியாது. பெரிய அளவில் விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றுவதானால், அந்த ஊராட்சியின் வாக்காளர்கள் ரகசிய ஓட்டுப் போட்டுச் சம்மதம் தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்த வேண்டிய காலம் வந்துவிட்டது.

ஒருவர் விற்றால் ஊருக்கு என்ன?

"அவர் காட்டை அவர் விற்கிறார், இதில் ஊருக்கு என்ன வந்தது?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நிலம் பத்திரத்தில்தான் ஒருவருடையது. தண்ணீரும், வழியும், பள்ளமும், குட்டையும் எல்லோருக்கும் பொது.

பத்து ஏக்கர் தோட்டம் மனைப் பிரிவாக மாறும்போது என்ன நடக்கிறது? மேட்டாங்காட்டிலிருந்து மழைத் தண்ணீர் இறங்கிவரும் பள்ளம் மண் போட்டு மட்டமாக்கப்படுகிறது. கீழே உள்ள குட்டைக்குத் தண்ணீர் வரத்து நின்று போகிறது. வீட்டுக்கு வீடு போர் இறங்குகிறது. சுற்றிலும் உள்ள கிணறுகளில் நீர்மட்டம் தாழ்கிறது. வீடுகளின் சாக்கடைக்கு வழி விட்டிருக்காது. அது மிச்சம் இருக்கும் பள்ளத்தில் போய் விழுகிறது. புதிதாகக் குடி வந்தவர்கள் கட்டுத்தரையின் சாண வாடை தாங்கவில்லை என்பார்கள், மருந்து அடிக்கக் கூடாது என்பார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. விவசாயம் நடக்கும் இடத்துக்கு நடுவே அவர்களுக்கு மனை விற்றவர்கள் இதையெல்லாம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இன்னொரு பாதிப்பு கண்ணுக்குத் தெரியாதது. பக்கத்தில் ஒரு லே-அவுட் வந்தவுடன் சுற்றியுள்ள நிலமெல்லாம் சென்ட் கணக்கில் விலை பேசப்படுகிறது. அந்த விலைக்கு நிலம் வாங்கி மஞ்சளோ மக்காச்சோளமோ போட்டு எவரும் கடனைக் கட்ட முடியாது. குத்தகைக்கு விட்டவரும், எப்போது வேண்டுமானாலும் விற்க வசதியாக இருக்கட்டும் என்று நிலத்தைத் திரும்ப வாங்கித் தரிசாகப் போட்டுவிடுகிறார். குத்தகைதாரருக்கும், களை எடுக்கப் போன பெண்களுக்கும், மேய்ச்சலுக்கு ஆடு ஓட்டியவருக்கும் பிழைப்புப் போகிறது. இவர்கள் பெயர் எந்தப் பத்திரத்திலும் இல்லை. ஆனால் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது.

அவிநாசி–அத்திக்கடவு திட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். இந்த வறண்ட வட்டாரத்து மக்கள் 60 ஆண்டுகளுக்கு மேல் கேட்டுப் பெற்ற திட்டம் அது. சுமார் 1,916 கோடி ரூபாய் செலவில் முடித்து, 2024 ஆகஸ்ட் 17-ந் தேதி தொடங்கி வைக்கப்பட்டது. பவானி ஆற்றின் உபரி நீரைக் கொண்டு 1,045 குளம் குட்டைகளை நிரப்புவதும், அதனால் 24,468 ஏக்கர் நிலம் பயன்பெறுவதும் அதன் நோக்கம். இவ்வளவு பொதுப் பணம் போட்டுக் குட்டையை நிரப்பிய பிறகு, குட்டையைச் சுற்றி உள்ள காடுகள் மனையாகிப் போனால் அந்தத் தண்ணீர் யாருக்கு? ஊர் போராடிக் கொண்டுவந்த தண்ணீரால் நிலத்துக்கு மதிப்புக் கூடுகிறது. அப்படியானால் அந்த நிலம் என்ன ஆக வேண்டும் என்பதில் ஊருக்கும் பங்கு இருக்கத்தானே வேண்டும்?

சட்டம் சொல்வது என்ன?

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ம் ஆண்டில் இயற்றப்பட்டது. ஒரு திட்டப் பகுதிக்கு மாஸ்டர் பிளான், அதாவது முழுமைத் திட்டம் தயாரித்து, எந்த நிலம் விவசாயத்துக்கு, எது குடியிருப்புக்கு, எது தொழிலுக்கு என்று வரைபடத்தில் பிரித்துக் காட்ட அது வழி செய்கிறது. வரைவை வெளியிட்டு, ஆட்சேபணை கேட்டு, பிறகு அரசு ஒப்புதல் தரும். கோவைக்கு இப்படி ஒரு மாஸ்டர் பிளான் 1994-ல் ஒப்புதல் பெற்றது. அடுத்ததற்கான வரைவு, 2041-ம் ஆண்டை நோக்கித் தயாரிக்கப்பட்டு, 2024-ல்தான் வெளிவந்தது. இடையே 30 ஆண்டுகள். இந்தக் காலத்தில் ஊர்கள் சும்மா இருக்கவில்லை. சர்வே நம்பர் சர்வே நம்பராகத் தனித்தனி மாற்றங்கள் நடந்துகொண்டே இருந்தன. முழுமையான படம் என்ன ஆகிறது என்பதை ஊர் பார்க்கவே இல்லை.

திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள கிராமங்களுக்கு 2017-ல் தனி விதிகள் வந்தன. அங்கும் முடிவு உள்ளாட்சி அமைப்புக்கும் நகர் ஊரமைப்பு இயக்குநருக்கும் இடையே முடிந்துவிடுகிறது. இவை அனுமதி கேட்டு வருபவர்களுக்கான வழிகள். அனுமதியே கேட்காமல் கல் நட்டு மனை போட்டவர்கள் எத்தனையோ பேர். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. மறு ஆண்டே, 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட மனைகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்த அரசு விதி செய்தது. வாங்கிய ஏழை எளியவர்கள் தவிக்கக் கூடாது என்பது சரியே. ஆனால் பள்ளத்தை இழந்த ஊருக்கு அந்த விதியில் எந்த இடமும் இல்லை.

ஊராட்சி மன்றம் இருக்கிறதே, அது ஊருக்காகப் பேசாதா என்று கேட்கலாம். மன்றத்தில் இருப்பவர்கள் சில பேர். சில பேரை வசப்படுத்துவது சுலபம். மேலும் மன்றமே இல்லாத காலமும் வரும். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் பதவிக் காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களும் அதில் அடங்கும். அதன் பின் மன்றத்தின் அதிகாரம் தனி அலுவலர்களிடம் போனது. தேர்ந்தெடுக்கப்படாத ஓர் அலுவலர், தான் பிறந்து வளராத ஊரின் நிலத்தைப் பற்றி ஊர் சார்பாகப் பேசும் நிலை அது.

ஊர் தன் பெயரையே இழக்கும் நிலையும் உண்டு. 2011-ல் கோவை மாநகராட்சியின் பரப்பு சுமார் 105 சதுர கிலோமீட்டரிலிருந்து 257 சதுர கிலோமீட்டராக விரிந்தது. ஊராட்சி ஒன்று நகரத்தோடு சேர்ந்த நாளிலேயே அங்கே கிராம சபை முடிந்து போகிறது. வெள்ளாமை மட்டும் இன்னும் சில காலம் நடக்கும்.

அன்னூரில் நடந்தது

சொந்தக்காரர் விரும்பி விற்பது ஒரு வழி. அரசே நிலம் எடுப்பது இன்னொரு வழி. இரண்டிலும் ஊரைக் கேட்பதில்லை என்பதற்கு அன்னூர் சாட்சி.

அன்னூர், மேட்டுப்பாளையம் வட்டங்களில் தொழிற்பேட்டை அமைக்க 3,862 ஏக்கர் நிலம் எடுக்க 2021-ல் அரசாணை வந்தது. அந்த வட்டாரத்து விவசாயிகள் நடைப்பயணம் போனார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள், கடையடைப்பு நடத்தினார்கள். ஓராண்டுக்கு மேல் வேலையை விட்டுவிட்டு அலைந்தார்கள். 2022 டிசம்பரில் அரசு இறங்கி வந்தது. ஒரு தனியார் நிறுவனத்தின் வசம் உள்ள சுமார் 1,630 ஏக்கரை மட்டும் எடுப்பது, விவசாயிகளின் நிலத்தை அவர்கள் விருப்பம் இல்லாமல் தொடுவதில்லை என்று அறிவித்தது.

இது விவசாயிகளின் வெற்றி என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்த வெற்றி எதனால் வந்தது? கூட்டம் கூடியதால், கட்சிகள் கவனித்ததால், செய்தித்தாள்கள் எழுதியதால் வந்தது. உரிமையால் வந்ததல்ல. 2013-ம் ஆண்டின் மத்திய நிலம் எடுப்புச் சட்டம், தனியார் நிறுவனத்துக்காக எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவிகிதமும், அரசும் தனியாரும் சேர்ந்த திட்டமானால் 70 சதவிகிதமும் சம்மதிக்க வேண்டும் என்கிறது. தமிழகத்திலோ தொழில்களுக்கு நிலம் எடுக்க 1997-ம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. அதை மத்தியச் சட்டத்தின் பிடியிலிருந்து விலக்கித் திருத்தம் செய்தார்கள். உயர் நீதிமன்றம் 2019-ல் அது செல்லாது என்றது. அதே ஆண்டில் சட்டசபை வேறு சட்டம் போட்டு அதற்கு உயிர் கொடுத்தது. உச்ச நீதிமன்றம் 2021-ல் அது செல்லும் என்றது. ஆகவே அந்த 80 சதவிகிதச் சம்மதம் இங்கே விவசாயிக்குக் கேடயமாக இல்லை. அன்னூர் தப்பித்தது. அடுத்த ஊருக்கு அத்தனை கூட்டம் கூடுமா என்று சொல்ல முடியாது.

ஓட்டுப் போட்டுப் பார்த்த ஊர்கள்

ஊரைக் கேட்டு முடிவு செய்வது நடைமுறைக்கு ஒத்து வராது என்பவர்கள், அது நடந்த இடங்களைப் பார்க்க வேண்டும்.

மகாராஷ்டிரத்தில் ராய்கட் மாவட்டத்தில் ஒரு பெரிய நிறுவனத்தின் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்காக நிலம் எடுக்க ஏற்பாடானது. அங்கே ஹெட்டவணே அணையின் பாசனத்தை நம்பிய 22 கிராமங்களின் விவசாயிகள் எதிர்த்தார்கள். மாநில அரசின் உத்தரவுப்படி மாவட்ட நிர்வாகமே 2008 செப்டம்பர் 21-ல் வாக்கெடுப்பு நடத்தியது. மிகப் பெரும்பான்மையோர் வேண்டாம் என்றார்கள். அந்த ஓட்டுக்குச் சட்ட பலம் கிடையாது. ஆனாலும் அதற்குப் பின் அந்தத் திட்டம் அங்கே எழவில்லை.

ஒடிசாவில் நியமகிரி மலையில் பாக்சைட் வெட்டுவது பற்றி உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி கிராம சபைகள் முடிவு சொல்லட்டும் என்றது. 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் மறுத்தன. மத்திய அரசு 2014 ஜனவரியில் அனுமதி மறுத்தது. மலைவாழ் மக்களின் கிராம சபை இவ்வளவு பெரிய கேள்விக்குப் பதில் சொல்ல முடியுமென்றால், கொங்கு நாட்டுக் கிராம சபையால் ஒரு லே-அவுட் பற்றிச் சொல்ல முடியாதா?

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் நாபா என்ற மாவட்டம் திராட்சைத் தோட்டங்களுக்குப் பேர்போனது. அங்கே விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றுவதானால் மாவட்ட வாக்காளர்கள் ஓட்டுப் போட்டுச் சம்மதிக்க வேண்டும் என்று 1990-ல் மக்களே ஓட்டெடுத்து விதி செய்தார்கள். மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 1995-ல் அது செல்லும் என்றது. 2008-ல் மறுபடி ஓட்டெடுத்து அந்த விதியை 2058 வரை நீட்டித்துக்கொண்டார்கள்.

அதே மாநிலத்தில் சோலானோ மாவட்டத்தில் 1984 முதலே இத்தகைய விதி உண்டு. அண்மையில் பெரும் பணக்காரர்கள் சேர்ந்த ஒரு நிறுவனம் அங்கே 50,000 ஏக்கருக்கு மேல் நிலம் வாங்கி, 4 லட்சம் பேர் வரை வசிக்கும் புது நகரம் கட்டத் திட்டமிட்டது. அவ்வளவு பணம் இருந்தும் ஓட்டுக் கேட்டுத்தான் வர வேண்டியிருந்தது. எதிர்ப்பைக் கண்டு 2024 ஜூலையில் அந்த ஓட்டெடுப்பு யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மறு ஆண்டில், பக்கத்தில் உள்ள சிறு நகரத்தின் எல்லையை விரித்து அந்த நிலத்தை உள்ளே சேர்க்கும் பேச்சு எழுந்தது. நகர எல்லைக்குள் போய்விட்டால் மாவட்ட ஓட்டு தேவைப்படாது அல்லவா? எல்லையை நகர்த்தி ஊரின் வாயை அடைக்கும் வழி எல்லா நாட்டுக்கும் பொது என்று தெரிகிறது. ஆகவே இங்கே சட்டம் வந்தால் இந்தச் சந்தையும் சேர்த்து அடைக்க வேண்டும்.

மறுப்பும் பதிலும்

இந்த யோசனைக்கு மறுப்புகள் உண்டு. அவற்றை மறைப்பது சரியல்ல.

முதலாவது, கஷ்டப்படும் விவசாயி. போரில் தண்ணீர் இல்லை, ஆள் கிடைக்கவில்லை, பெண்ணுக்குக் கல்யாணம், வங்கியில் நகை அடமானம். அவருக்கு நல்ல விலை வரும்போது ஊர் குறுக்கே நிற்கலாமா? விற்பதை எவரும் தடுக்கவில்லை; விவசாய நிலமாக விற்க எந்த ஓட்டும் தேவை இல்லை. ஆனால் மனை விலை கிடைக்காது என்பது உண்மை. அந்த இழப்பை ஊர் உணர வேண்டும். அதனால்தான் ஓட்டு வேண்டும் என்பது. ஒரேயடியான தடை கேட்கவில்லை. ஓர் ஊர் தன் அண்டை வீட்டுக்காரரின் கஷ்டத்தை அறியும். கல்லாங்காட்டை மாற்றச் சம்மதித்து, கிணறு வற்றாத தோட்டத்தை மாற்ற மறுக்கும் பகுத்தறிவு ஊருக்கு உண்டு.

இரண்டாவது, வேலை வாய்ப்பு. பம்பு செட்டும், பனியனும், விசைத்தறியும், வார்ப்படமும் கொங்கு நாட்டை வாழ வைத்த தொழில்கள். விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளே அவற்றை வளர்த்தார்கள். தொழில் வேண்டாம் என்று இங்கே எவரும் சொல்ல மாட்டார்கள். எந்த நிலத்தில் என்பதுதான் கேள்வி. ஊர் ஓட்டுப் போட வேண்டும் என்றால், தொழில் நடத்த வருபவர் ஊருக்கு வந்து எத்தனை பேருக்கு வேலை, தண்ணீர் எங்கிருந்து, கழிவு எங்கே போகும் என்று சொல்லியே ஆக வேண்டும். நல்ல தொழிலுக்கு இதில் பயம் இல்லை.

மூன்றாவது, ஓட்டையும் விலைக்கு வாங்கிவிடுவார்கள் என்பது. நடக்கக் கூடியதே. ஆனால் மன்றத்தில் உள்ள சில பேரை விலைக்கு வாங்குவதைவிட ஆயிரம் பேரை வாங்குவது கடினம். அதை மறைப்பது இன்னும் கடினம்.

நான்காவது, வீடுகள் குறைந்து வாடகை ஏறும் என்பது. கலிபோர்னியாவிலும் இந்தக் குறை சொல்லப்படுகிறது. இதில் உண்மை இருக்கிறது. கூலி வேலை செய்பவருக்கு வீட்டு மனை கிடைக்காமல் போகக் கூடாது. நிலமற்றவர்களுக்கு அரசு தரும் மனைகளுக்கு இந்த விதியிலிருந்து விலக்குத் தர வேண்டும்.

எப்படி அமைய வேண்டும்?

சொந்தத் தோட்டத்தில் வீடு, சாளை, கட்டுத்தரை, களம், உலர் கூடம் கட்டுகிறவரை இந்தச் சட்டம் தொடக் கூடாது. எத்தனை ஏக்கருக்கு மேல் ஓட்டு என்பதைச் சட்டசபை முடிவு செய்யட்டும். ஒரே நிலத்தைத் துண்டு துண்டாகக் காட்டித் தப்பிக்க வழி விடக் கூடாது. ஓட்டுக்கு 2 மாதம் முன்பே வரைபடமும் விவரமும் ஊராட்சி அலுவலகத்திலும், ரேஷன் கடையிலும், பால் சொசைட்டியிலும் ஒட்டப்பட வேண்டும். பள்ளம், குட்டை, வண்டிப் பாதை எங்கே போகிறது என்று அந்தப் படத்தில் தெரிய வேண்டும்.

கை தூக்கும் ஓட்டுக் கூடாது. கடன் கொடுத்தவர் முன்னும், வேலை கொடுப்பவர் முன்னும் கை தூக்கச் சொன்னால் எளியவர் மனம் வெளியே வராது. பெட்டி வைத்து ரகசியமாக நடத்த வேண்டும். பட்டா வைத்திருப்பவர் மட்டும் என்றில்லாமல், வாக்காளர் பட்டியலில் உள்ள அனைவரும் ஓட்டளிக்க வேண்டும். பட்டா பெரும்பாலும் ஆண்கள் பெயரில் இருக்கிறது. தண்ணீர்க் குடம் தூக்குவது பெண்கள்.

சட்டம் வரும் வரை

சட்டம் நாளையே வந்துவிடாது. இருப்பதையாவது பயன்படுத்த வேண்டும். ஆண்டுக்கு 6 கிராம சபைகள் நடத்தப்பட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினரே. 3,001 முதல் 10,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் கோரத்துக்கு 200 பேர் போதும். அந்த 200 பேரில் விவசாயிகள் எத்தனை பேர் என்பதை ஒவ்வோர் ஊரும் எண்ணிப் பார்க்கட்டும். நில உபயோக மாற்றம் எதுவும் கிராம சபை முன் வைக்கப்படாமல் போகக் கூடாது என்று முன்கூட்டியே தீர்மானம் போட்டு, நகலைக் கையில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குக் கட்டுப்படுத்தும் பலம் இல்லாவிட்டாலும், ஆட்சியர் முன்னும் நீதிமன்றத்திலும் காட்ட ஒரு காகிதம் இருக்கும்.

அத்துடன் ஊருக்கு ஒரு படித்த பிள்ளை நாளிதழ் அறிவிப்புகளைத் தினமும் பார்த்து, சர்வே நம்பரைச் சொசைட்டிப் பலகையில் எழுதிப் போடும் பழக்கம் வர வேண்டும். ஆட்சேபணை சொல்ல விரும்புகிறவர் கெடுவுக்குள் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். பள்ளம் அடைபடும், குட்டைக்கு வரத்து நிற்கும், பாதை போகும் என்று குறிப்பான காரணம் எழுத வேண்டும். பொதுவாக எதிர்க்கிறோம் என்று எழுதினால் பலன் இல்லை.

சட்டசபைக்கு ஓட்டுக் கேட்டு எல்லாக் கட்சிகளும் தோட்டத்துக்கே வருகின்றன. அப்படி வருகிறவர்களிடம் ஒவ்வோர் ஊரும் இந்த ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும்: யார் ஆள வேண்டும் என்று முடிவு செய்யத் தகுதி உள்ள ஊருக்கு, தன் நிலம் என்ன ஆக வேண்டும் என்று முடிவு செய்யத் தகுதி இல்லையா?